நாலெட்ஜ் காமன்ஸ்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் (இலக்கியம், வரலாறு போன்ற துறைகளைக் கணினி கொண்டு ஆராய்வது) ஆட்கள் பலர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் ஹியூமானிட்டீஸ் காமன்ஸில் சேர்ந்தேன். ஆய்வாளர்கள் தங்கள் ஆக்கங்களை ஏற்றிப் பகிரும் இணையதளம் அது; இப்போது அதன் பெயர் நாலெட்ஜ் காமன்ஸ். 2016 இல் இதைத் தொடங்கியது அமெரிக்காவின் மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் என்ற மொழி, இலக்கிய அறிஞர்களின் சங்கம்; பிறகு மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. காசு கிடையாது. பல்கலைக்கழக வேலையில் இல்லாதவர்களும் சேரலாம்.

அதற்கு முன் நான் இருந்தது ஒரு வணிகத் தளத்தில். உங்கள் பெயரை யாரோ தேடினார்கள் என்று ஓயாமல் மெயில் வரும். யாரென்று பார்க்கப் பணம் கட்ட வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

நான் ஏற்றியதில் கட்டுரைகள் குறைவு. எந்த இதழும் போடாத சில்லறைச் சரக்குதான் அதிகம்: பாடத்திட்டம், ஸ்லைடு, நிரல். அதற்கும் டிஓஐ எண் (ஆவணத்துக்கான நிரந்தர அடையாள எண்) கிடைக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். உதாரணத்துக்கு, ஓலைச்சுவடியைப் படியெடுக்கும் விதிமுறை. சுவடியில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும். காலா ரகரமா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கண்டதை அப்படியே தட்டச்சு செய்வதா, நாம் படித்துக்கொண்டதையா? டிஇஐ குறியீட்டில் (பனுவல்களைக் கணினிக்காகக் குறியிடும் பொதுமுறை) ஓலையில் உள்ளதை ஒரு டேகிலும் ஒழுங்குபடுத்தியதைப் பக்கத்திலேயே இன்னொன்றிலும் வைக்கலாம். எதை எங்கே வைப்பது என்ற முடிவெல்லாம் இதழ்க் கட்டுரையில் ஒரு வரி அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடும். இங்கே அது தனி ஆவணம், மேற்கோள் காட்டலாம். ஏற்றியதைச் சேமிக்கும் இந்தத் தளத்தின் களஞ்சியம், செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் பிறந்த இன்வெனியோ மென்பொருளில் ஓடுவதால், விதி மாறினால் புதிய பதிப்பை ஏற்றலாம், பழையதும் அப்படியே இருக்கும். எந்தச் சுவடி எந்த விதிப்படி படியெடுக்கப்பட்டது என்ற குழப்பம் வராது.

எடுத்துக்கொண்டதும் உண்டு. புதிதாக ஒரு தாள் நடத்தும் முன், மற்றவர்கள் ஏற்றிய பாடத்திட்டங்களைப் புரட்டிவிடுவேன். பெரும்பாலும் ஆங்கில நாவல்களை வைத்துப் போட்டவை. வாரா வாரம் என்ன நடத்துவது என்ற வரிசையை எடுத்துக்கொண்டு பனுவலை மாற்றிக்கொள்வேன். சந்தி பிரிக்காத தமிழில் சொல் எண்ணும் பயிற்சி மட்டும் அப்படியே ஒத்துவராது, அதற்குத் தனியாக ஒரு வாரம் போய்விடும்.

குழுக்களும் உண்டு. குழு இருந்தாலே பேச்சு நடந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாநாட்டை ஒட்டிக் களைகட்டும், அவ்வளவுதான். பதவி உயர்வுக் கணக்குக்காக வருபவர்களுக்கும் இது உதவாது. ஏற்றுவதற்கு முன் சக அறிஞர் மதிப்பீடு என்று எதுவும் இல்லை, அதற்கு இதழைத்தான் தேட வேண்டும்.

சேருகிறவர்களுக்கு ஒன்று: முழுக் கட்டுரையும் தமிழில் இருந்தாலும் சுருக்கத்தையும் குறிச்சொற்களையும் ஆங்கிலத்திலும் கொடுங்கள், வெளியூர்க்காரர்கள் தேடுவது அதில்தான். அப்புறம், ஏற்கெனவே இதழில் வந்ததை ஏற்றுவதென்றால் பதிப்பாளர் எந்த வடிவத்தை அனுமதிக்கிறார் என்று முதலில் பார்த்துவிடுங்கள். பலர் அச்சான பிடிஎஃபை விடமாட்டார்கள். இதழ் ஏற்றுக்கொண்ட, அச்சுக்கு வடிவமைப்பதற்கு முந்தைய பிரதிக்குத்தான் சரி என்பார்கள்.