கடலைத் தூர்த்த செலவு: ஹாங்காங்கும் பம்பாயும்

பிரிட்டிஷ் ஆட்சியில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு ஹாங்காங்கும் பம்பாயும் வெவ்வேறு விடைகளைத் தேர்ந்தன.

ஹாங்காங்கில் 1889ஆம் ஆண்டின் பிராயா (கரையோரச் சாலை) கட்டளைச் சட்டம், கரையோர மனைகளைக் குத்தகைக்கு வைத்திருந்தவர்களே தத்தம் மனைக்கு முன்னாலுள்ள கடலைத் தூர்க்கும் செலவைப் பங்கிட்டுச் செலுத்த வேண்டும் என்றும், அதற்கு ஈடாகப் புதிய நிலத்தைக் குத்தகையாகப் பெறலாம் என்றும் வகுத்தது. கல்கத்தாவில் பிறந்த ஆர்மீனிய வணிகர் பால் சேட்டர் முன்வைத்த திட்டம் இது. பணம் போடுபவருக்கே பலன் சேர்ந்ததால், முன்பு ஆளுநர் பௌரிங்கின் கரையோரத் திட்டத்தை எதிர்த்து நின்ற வணிகர் தரப்பு இம்முறை ஒத்துழைத்தது. 1890இல் விக்டோரியா அரசியின் மகன் கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்டினார். அன்று புதிய கரையோரமாக அமைந்த சாலை அவர் பெயரையே தாங்குகிறது.

பம்பாயின் மேற்குக் கரையிலுள்ள பேக் பே என்ற விரிகுடாவைத் தூர்க்கும் திட்டத்திலோ, 1920இல் ஆளுநர் ஜார்ஜ் லாயிட் அமைத்த வளர்ச்சித் துறை அரசுக் கடனைக் கொண்டு 1,145 ஏக்கரை மீட்க முற்பட்டது. செலவு மதிப்பீடு பொய்த்தது, நிரப்பிய சேறு கடற்சுவரின் இடுக்குகள் வழியே கசிந்தது, எட்டு நிலத் தொகுதிகளில் நான்கே அப்போது நிறைவேறின. முறைகேடுகளை அம்பலப்படுத்திய வழக்கறிஞர் கே. எஃப். நாரிமன் மீது திட்டத்தின் பொறியாளர் ஒருவர் தொடுத்த அவதூறு வழக்கில் நாரிமன் விடுதலையானார்.

செலவுக் கட்டுப்பாட்டில் ஹாங்காங் முறையே மேலானது என்பேன். ஆயினும் ஒரு குறை உண்டு: கரையில் ஏற்கெனவே மனை வைத்திருந்த செல்வருக்கே புதிய கரையும் போய்ச் சேர்ந்தது, மனையில்லாத துறைமுகக் கூலிகளுக்கு அந்த ஒப்பந்தத்தில் இடமே இருக்கவில்லை.