வன்னிக் காட்டோர வேலைத்தளத்தில் செய்மதி இணையம்

முத்தையன்கட்டுப் பக்கத்தில் குளக்கட்டுத் திருத்த வேலை எடுத்த எமது நிறுவனத்துக்கு, கைபேசிக் கோபுர அலை எட்டாத தளத்திலிருந்து அளவீட்டு விபரங்களையும் படங்களையும் அன்றன்றே அனுப்புவது பெரும் இடராக இருந்தது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையச் சேவை இலங்கையில் தொடங்கிய பின்னர், அதன் சிறிய தட்டு வடிவக் கருவியான மினியைப் பயன்படுத்தி வருகிறோம்.

சுமார் 1.1 கிலோ எடையுள்ள இத்தட்டினுள்ளேயே வைஃபை ரவுட்டரும் அமைந்திருப்பதால், மேற்பார்வையாளர் அதை முதுகுப்பையில் வைத்து மோட்டார் சைக்கிளிலேயே கொண்டுவருகிறார். 25 முதல் 40 வோட் வரையே மின்சாரம் எடுப்பதால், மின்பிறப்பாக்கியை இயக்காமல், உரிய வயரைக் கொண்டு 12 வோல்ட் பற்றரியில் பொருத்துகிறோம். டீசல் செலவை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செய்மதிகளில் மறுமொழி வர அரை வினாடிக்கு மேல் பிடிக்கும். ஸ்டார்லிங்க் செய்மதிகளோ 550 கிலோமீற்றர் அளவில் சுற்றுவதால், கொழும்பிலுள்ள பொறியியலாளருக்கு வரைபடத்தைக் காணொளியில் காட்டி, இடையறாமல் பேச முடிகிறது.

தட்டை வைக்கும் இடத்தைத் தெரிவுசெய்வதில்தான் கவனம் வேண்டும். செய்மதிகள் நகர்ந்துகொண்டே இருப்பதால், பாலை, முதிரை மரக் கிளைகள் வானத்தை மறைக்கும் இடத்தில் இணைப்பு அடிக்கடி அறும். கொட்டிலோர நிழலை விட்டு, குளக்கட்டின் மேல் வெட்டவெளியில் வையுங்கள். மாரி மழை அடித்துக் கொட்டும்போதும் வேகம் தளரும். கோபுர அலை நன்றாகக் கிடைக்கும் மாங்குளம், புதுக்குடியிருப்புக் கடைகளுக்கு இந்தச் செலவு தேவையில்லை. காட்டோரத்தில் ஆட்களை வைத்து வேலை செய்வோருக்கு, விபத்தென்றால் உடனே செய்தி அனுப்பவும் இதுவே வழி என்பதால், தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.