21 நாள் கணக்கு: இம்யூனோகுளோபுலினோடு பத்து வருடம்

எனக்கு இப்போது 21 வயது. 11 வயதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இம்யூனோகுளோபுலின், அதாவது கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள் மருந்து, ஏற்றிக்கொள்கிறேன். எனக்கு இருப்பது எக்ஸ்எல்ஏ என்ற பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாடு. பிடிகே என்ற மரபணுவில் பழுது, அதனால் எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி செல்கள் உடம்பில் கிட்டத்தட்ட இல்லை. சின்ன வயதில் காதில் சீழ், சைனஸ், நிமோனியா என்று மாறி மாறி வரும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் போகும், அடுத்த மாதம் திரும்பி வரும். பி செல் நிறைந்த டான்சிலே தொண்டையில் தெரியவில்லை என்று கவனித்த டாக்டர்தான் ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளின் அளவைப் பார்க்கச் சொன்னார்.

ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் மருந்து இது. 50 கிலோ எடைக்கு எனக்கு 25 கிராம், அதாவது ஐந்து பாட்டில். காலையில் படுத்தால் எழுந்திருக்க மதியம் ஆகிவிடும். ஒருமுறை சீக்கிரம் முடிக்கலாம் என்று வேகத்தைக் கூட்டினார்கள். குளிர் நடுக்கம் வந்து, மறுநாள் முழுக்கத் தலைவலி. முந்தின நாளே நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் தலைவலி குறைகிறது. வேறு கம்பெனி பாட்டில் கிடைத்தால் முதல் தடவை இன்னும் மெதுவாக ஏற்றச் சொல்லிக் கேளுங்கள்.

இடைவெளியை மட்டும் நீட்டாதீர்கள். ஏற்றிய ஐஜிஜி ஏறக்குறைய மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். 15 வயதில் அப்பாவால் பணம் புரட்ட முடியாமல் ஆறு வாரம் வரை தள்ளிப்போட்டோம். அந்த வருடம் இரண்டு நிமோனியா. வலது நுரையீரலின் அடிப்பகுதியில் மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துவிட்டது. இன்றும் தினமும் காலையில் அரை மணி நேரம் சளியை வெளியேற்றும் பயிற்சி செய்கிறேன். எங்களுக்கு அப்போது யாராவது அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

மருந்து எல்லாவற்றையும் தடுப்பதில்லை. அதில் ஐஜிஜிதான் இருக்கிறது, மூக்கையும் சைனஸையும் காக்கும் ஐஜிஏ என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருள் கிட்டத்தட்ட இல்லை. சைனஸ் தொல்லை அதனால் இன்னும் இருக்கிறது. இன்னொன்று: காய்ச்சல் வந்து டெங்குவுக்கு ஐஜிஜி பரிசோதனை எடுத்தால், தானம் கொடுத்தவர்களின் எதிர்ப்பொருளே அதில் தெரியலாம். மருந்து ஏற்றுவதை ரத்தம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

போன வருடம் அக்காவுக்கு மகன் பிறந்தான். இந்த மரபணுப் பழுது தாய் வழியாக மகனுக்கு வரலாம். தாயிடமிருந்து வந்த ஐஜிஜி முதல் சில மாதம் இருக்கும் என்பதால் அதை நம்பாமல் பி செல்லை எண்ணிப் பார்த்தார்கள். அவனுக்கும் இல்லை. சரி என்று நான்காம் மாதமே ஆரம்பித்துவிட்டோம். இதுவரை அவன் காதில் ஒரு தடவைகூடச் சீழ் வைக்கவில்லை.