குதிகால் எலாஸ்டோகிராபி: ஜெர்மனியில் உள்ள எஃப்.எம்.எஃப். நோயாளிகளுக்கு ஓர் எச்சரிக்கை

துருக்கிய வம்சாவளியைச் சேர்ந்த என் மனைவிக்குச் சிறுவயது முதலே எஃப்.எம்.எஃப். எனப்படும் குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சல் உண்டு. எம்.இ.எஃப்.வி. மரபணுவின் பிழையால் வரும் இந்நோயில் காய்ச்சலும் வயிற்றுவலியும் மூட்டு வீக்கமும் திடீரென வந்து, ஒன்று முதல் மூன்று நாள் வரை வாட்டிவிட்டுத் தணியும். கோல்கிசின் மாத்திரையால் அவருக்கு அது கட்டுக்குள் இருக்கிறது. குதிகால் வலி மட்டும் விடாததால், கொலோன் நகரில் ஓர் எலும்பு மருத்துவரின் தனியார் கிளினிக்குக்குச் சென்றோம்.

அங்கே குதிகால் தசைநாணின் விறைப்பை ஒலியலையால் காட்டும் எலாஸ்டோகிராபி ஸ்கேனைச் செய்து, வண்ணப் படத்தைக் காட்டி, இடது தசைநாண் மென்மையாகிவிட்டது, நோய் உள்ளே அடங்கவில்லை, ஆகவே கோல்கிசின் அளவைக் கூட்ட வேண்டும், மூன்று மாதத்திற்கு ஒருமுறை இதே ஸ்கேனை எடுக்க வேண்டும் என்றார்கள். ஆனால் அளந்த விதத்தை நான் அருகிலிருந்து பார்த்தேன்: வலது பாதத்தைக் கட்டிலின் முனைப்பலகையில் ஊன்றச் செய்தும், இடது பாதத்தைத் தளர்வாகத் தொங்கவிட்டும் அளந்துவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டார்கள்! பாதம் மேல்நோக்கி வளைந்தால் தசைநாண் இழுத்துக் கட்டிய கயிறுபோல விறைக்கும்; தொங்கவிட்டால் தளரும். நோயே இல்லாதவருக்கும் அந்த வேறுபாடு தெரியும். தவிர, ஒரு கருவியில் மென்மையைக் குறிக்கும் சிவப்பு இன்னொன்றில் விறைப்பைக் குறிக்கலாம். அறிக்கையிலோ பாதத்தின் நிலையும் இல்லை, விறைப்பின் அளவைச் சொல்லும் கிலோபாஸ்கல் எண்ணும் இல்லை.

மருந்து அளவை இந்தப் படத்தை வைத்து மாற்றக் கூடாது என்று எங்கள் வாதநோய் மருத்துவர் திட்டவட்டமாகச் சொன்னார். நோய்த்தாக்குதல் எத்தனை முறை வருகிறது, இடைக்காலத்தில் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதங்களான சி.ஆர்.பி., எஸ்.ஏ.ஏ. எவ்வளவு என்பவற்றைப் பார்த்தே அதை முடிவு செய்வார்களாம். இந்நோயில் அமிலாய்டு என்னும் புரதம் படிந்து சிறுநீரகம் கெடுகிறதா என்பதற்குச் சிறுநீர்ப் புரதச் சோதனை இருக்கிறது. கோல்கிசின் மிகுந்தால் வயிற்றுப்போக்கில் தொடங்கி எலும்பு மஜ்ஜை வரை பாதிக்கும் என்பதால், இது வெறும் பண இழப்போடு நிற்கும் விஷயமன்று. குதிகால் வலிக்கு அவர் சாதாரண அல்ட்ராசவுண்டும் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரும் போதும் என்று எடுத்துப் பார்த்தார்; தசைநாண் எலும்பில் சேரும் இடத்தில் வீக்கம் இல்லை.

அந்த எலாஸ்டோகிராபி, காப்பீடு ஏற்காமல் நோயாளியே பணம் கட்ட வேண்டிய 'ஈகெல்' சேவை என்பதைக் கிளினிக் பிறகு அனுப்பிய பில்லில்தான் அறிந்தோம். அப்படிப்பட்ட செலவை முன்னரே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஜெர்மன் சிவில் சட்டத்தின் 630சி பிரிவு. அதைக் காட்டிப் பணம் தர மறுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.