தடுப்பூசி பற்றிப் பேசப் பழக்கும் ஆடியோ பயிற்சி: ஒரு கிராமச் செவிலியரின் கருத்து

கருங்கல் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடுகிறேன். பெற்றோரிடம் தடுப்பூசி பற்றி எப்படிப் பேசுவது என்று டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் சொல்லித்தரும் ஆடியோ பயிற்சியை மார்த்தாண்டம் பஸ்ஸில் போகவர கேட்டு முடித்தேன். நன்றாக இருக்கிறது.

"ஊசி போடலாமா?" என்று கேட்காதே, "பிள்ளைக்கு ஒன்பது மாசம் ஆயிட்டு, இன்னைக்கு எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி" என்று சொல்லித் தொடங்கு என்பதுதான் முதல் பாடம். அமெரிக்காவின் வட கரோலினாவில் 30 கிளினிக்குகளில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், இப்படிப் பேசப் பழகிய இடங்களில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு எச்பிவி ஊசி (கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பது) தொடங்கிய விகிதம், பழகாத இடங்களைவிட 5.4 சதவீதப் புள்ளி கூடுதலாக உயர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மாதிரி உரையாடல். "ஆட்டிசம் வரும்னு வாட்ஸ்அப்புல வந்துதே" என்கிறாள் அம்மா. டாக்டர் உடனே மறுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அதைப் பார்த்தா யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். வேற என்ன கேள்விப்பட்டீங்க?" என்கிறார். அவள் எல்லாவற்றையும் கொட்டிய பிறகுதான், அந்தப் பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை 2010இல் அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே திரும்பப் பெற்றதைச் சொல்கிறார். அந்தப் பொறுமையும் குரலின் தணிவும் காதால் கேட்டால்தான் பிடிபடும். நோட்டீஸ் படித்து வராது. 2017 எம்ஆர் முகாமில் வாட்ஸ்அப் வதந்தியோடு மல்லுக்கட்டிய எவருக்கும் இதன் அருமை தெரியும்.

குறையும் உண்டு. காய்ச்சல் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டா ஊசி 6, 10, 14 வாரங்களில் வருகிறது. முதல் ஊசிக்கே பிள்ளை ராத்திரி முழுக்க அழுதால் அடுத்ததற்கு வரத் தயங்குவார்கள். காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் போய்விடும், பாராசிட்டமால் எவ்வளவு கொடுக்கணும் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்வதற்கு ஒரு தனிப் பாடமே வைத்திருக்கலாம்.

அப்புறம், எல்லா உரையாடலிலும் அம்மா மட்டும்தான் பேசுகிறாள். எங்கள் ஊரில் முடிவெடுப்பது பெஞ்சில் இருக்கிற மாமியார், இல்லையென்றால் கல்ஃபிலிருந்து வீடியோ காலில் வரும் வீட்டுக்காரர். "அவன் வேண்டாம்ங்கான் சிஸ்டர்" என்று போனை என் கையில் தருவார்கள். அந்த போனில் என்ன பேசுவது என்று ஒரு பாடம் சேர்த்தால், எங்கள் செவிலியர் எல்லோருக்கும் நானே அனுப்பிவைப்பேன்.