மரத்தின் குரல் மாறாமல்: ஜாஸ் கிதாருக்கு ஏற்ற நான்கு சிறிய ஆம்ப்ளிஃபயர்கள்

கவுன்ட் பேசியின் இசைக்குழுவில் 1937-இல் சேர்ந்து, 1987-இல் மறையும்வரை அதன் தாளத்தைத் தாங்கிய ஃப்ரெடி கிரீன், மின்பெருக்கம் இல்லாத ஆர்ச்டாப் (வயலின் போல் வளைந்த மேற்பலகை கொண்ட) கிதாருக்காகவே இன்றும் நினைவுகூரப்படுகிறார். கனமான தந்திகளும், விரற்பலகையிலிருந்து அவற்றை உயர்த்தி வைத்த ஆக்‌ஷனும், கிதாருக்கு இடம்விட்டு வாசிக்கத் தெரிந்த குழுவும் இருந்ததால் அது அவருக்குக் கைகூடியது. டபுள் பேஸும் டிரம்ஸும் உள்ள சிறு குழுவில் தனி ஸ்வரங்களாக சோலோ வாசிக்க விரும்பும் கலைஞருக்கு ஆம்ப் இல்லாமல் முடியாது. அந்த ஆம்ப் ஒலியளவைக் கூட்ட வேண்டும். பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) தந்தியைத் தொடும் கணத்தில் மேற்பலகை தரும் அந்த மரத்தன்மையை மட்டும் தொடக்கூடாது. ஒரு கையால் தூக்கிச் செல்லக்கூடிய நான்கு ஆம்ப்களை இந்த ஒரே அளவுகோலால் இங்கே மதிப்பிடுகிறேன்.

ஆம்பைப் பற்றிப் பேசுமுன் கிதாரில் என்ன பிக்கப் (அதிர்வை மின்சிக்னலாக்கும் கருவி) இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனெனில் தேர்வில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆர்ச்டாப்பின் மேற்பலகையைத் துளைக்காமல், விரற்பலகையின் முனையிலோ பிக்கார்டிலோ பொருத்தப்படும் காந்த பிக்கப் தந்தியின் அசைவைத்தான் கேட்கிறது. உடலின் அதிர்வு அதில் மிகக் குறைவாகவே சேர்கிறது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் அடியில் வைக்கப்படும் பீசோ பிக்கப்போ அழுத்த மாற்றங்களை மின்சாரமாக்குவதால், பிக் படும் ஓசை முன்னுக்கு வந்து, உடலின் கனிவு பின்னுக்குப் போய்விடுகிறது. மேலும் பீசோ ஒரு மின்தேக்கியைப் போல் செயல்படுவதால், ஆம்பின் உள்ளீட்டு மின்தடை குறைவாக இருந்தால் கீழ் ஸ்வரங்கள் மெலிந்து ஒலி சன்னமாகிவிடும். சிக்னலை முன்கூட்டியே பெருக்கும் ப்ரீஆம்ப் இல்லாத பீசோவுக்குக் குறைந்தது 1 மெகாஓம், முடிந்தால் அதற்கும் மேல் தேவை. தயாரிப்பாளர்கள் கொட்டை எழுத்தில் அச்சிடும் வாட் எண்ணைவிட, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் இந்த எண் எனக்கு முக்கியமானது.

வாட் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 60 வாட்டிலிருந்து 120 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். பிரஷ்ஷால் வாசிக்கும் டிரம்மருடன் சிறிய அரங்கில் 60 வாட் போதும். குச்சியால் வாசிப்பவராக இருந்தால், கூடுதல் திறன் உரத்த ஸ்வரங்கள் உடையாமல் வருவதற்கு உதவும்.

உண்மையான சோதனை ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கரின் ஒலியே கிதாருக்குள் திரும்பப் புகுந்து ஊளையாக மாறுவது. உட்குழிவான கிதாரின் உடலில் அடைபட்ட காற்றுக்கு இயல்பான ஓர் அதிர்வெண் உண்டு. தட்டையான மேற்பலகை கொண்ட கிதார்கள் பலவற்றில் அது 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். ஆறாம் தந்தியின் மூன்றாம் பிரெட்டில் வரும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ் என்பதால், ஜாஸ் கலைஞர்கள் அடிக்கடி கைவைக்கும் இடத்திலேயே ஊளை தொடங்குகிறது. பேஸ் குமிழைக் குறைப்பது முதல் மருந்து; அந்தப் பகுதியை டபுள் பேஸ் எப்படியும் நிரப்பிக்கொள்ளும். ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தான் இருந்தால் அதை அடுத்து முயல வேண்டும். ஒரே அழுத்தில் ஊளை அடங்குவதும் உண்டு. குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரை நான் கடைசியில்தான் தொடுவேன், ஏனெனில் அது ஊளையோடு ஸ்வரத்தின் உடலையும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது.

நான்கில் என் முதல் தேர்வு ஹென்ரிக்சன் பட். ஏறத்தாழ ஒன்பது அங்குலக் கனசதுரம், எட்டு கிலோவுக்கும் குறைந்த எடை, 120 வாட், 6.5 அங்குல ஸ்பீக்கர், கூடவே உயர் அதிர்வெண்களுக்கென ஒரு ட்வீட்டர். இதை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் அந்த ட்வீட்டரை அணைக்க முடியும் என்பதே. வழக்கமான மின்கிதார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக ஓய்ந்துவிடும். காந்த பிக்கப் உள்ள ஆர்ச்டாப்பின் உருண்ட குரல் அந்த வரம்புக்குள்ளேதான் வளர்ந்தது. ட்வீட்டரை அணைத்தால் அந்தக் குரல் கிடைக்கிறது. அதையே இயக்கிவிட்டு பீசோவையோ மைக்கையோ இணைத்தால் மேற்பலகையின் நுண்ணிய ஓசைகள் திறந்து வருகின்றன. இரண்டு சேனல்களிலும் ஐந்து பட்டை ஈக்வலைசர் (அதிர்வெண் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) தனித்தனியே இருப்பதால், கீழ்நடுப் பகுதியில் நெருக்கமான கார்டுகள் (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரங்கள்) குழம்பும் இடத்தை மட்டும் தணித்து, மற்றதை அப்படியே விட்டுவிடலாம். பழைய ஆர்ச்டாப்பில் காந்த பிக்கப்பும் சிறிய மைக்கும் சேர்த்து வாசிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டியை நான் சொல்லமாட்டேன்.

ஜெர்மனியின் ஏஇஆர் காம்பாக்ட் 60 இதற்கு மிக அருகில் நிற்கிறது. ஆறரை கிலோ, 60 வாட், ட்வீட்டர் இல்லாமல் இரட்டைக் கூம்பு கொண்ட ஒரே எட்டு அங்குல ஸ்பீக்கர். ஒலி முழுவதும் ஒரே புள்ளியிலிருந்து புறப்படுவதால், தாழ்ந்த ஸ்வரமும் உயர்ந்த ஸ்வரமும் ஒரே கருவியிலிருந்து வருவதாகவே கேட்கிறது. தனிக் கிதார் கச்சேரிக்கு இந்த ஒருமை பெரும் வரம். அதிலுள்ள கலர் பொத்தான் நடுப்பகுதியைத் தாழ்த்தி மேற்பகுதியை உயர்த்துகிறது. எஃகுத் தந்திக் கிதாரின் எல்லாத் தந்திகளையும் ஒருசேர மீட்டி வாசிப்பவர்களுக்கு அது பளபளப்பைத் தரலாம். ஜாஸுக்கு உயிர் நடுப்பகுதியில் இருப்பதால் அதை அணைத்தே வைக்கும்படி வற்புறுத்துவேன்.

ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி தட்டையான மேற்பலகைக் கிதாரையும் பீசோவையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. 60 வாட், 6.5 அங்குல ஸ்பீக்கர், ஓர் அங்குல ட்வீட்டர், ஏறத்தாழ ஒன்பது கிலோ. ஃபேஸ் பொத்தானும் உண்டு. மைக் சேனலில் ஃபேண்டம் பவர் (மைக்குக்கு மின்சாரம் தரும் வசதி) இல்லை என்பதால் அது தேவைப்படும் கண்டன்சர் மைக் வைத்திருப்பவர்கள் இதைத் தவிர்க்கலாம். மூன்று பட்டை ஈக்வலைசரால் கீழ்நடுக் குழப்பத்தைத் துல்லியமாகப் பிடிக்க முடியவில்லை என்பதே என் குறை. ஆயினும் நைலான் தந்திக் கிதாரில் போசா நோவா வாசிப்பவருக்கு இது நேர்மையான கருவி. மின்கலத்தில் இயங்கும் இதன் மினி சார்ஜ் வடிவம் முழு ஒலியில் நான்கு மணி நேரமும், சராசரி ஒலியில் பன்னிரண்டு மணி நேரமும் தாங்கும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது.

ரோலண்ட் ஏசி-33 ஐந்து கிலோவுக்கும் குறைவு. எட்டு டபுள் ஏ மின்கலங்களிலேயே ஓடும். மின் இணைப்பில் இரண்டு ஐந்து அங்குல ஸ்பீக்கர்களில் ஸ்டீரியோவாக 30 வாட் தரும். தெருவோர வாசிப்புக்கும் இரண்டு கிதார்கள் மட்டும் சேரும் சந்திப்புக்கும் இது அருமை. டிரம்ஸ் வந்துவிட்டால் கனத்த கார்டுகள் இறுகி ஒலிக்கத் தொடங்கும்; அந்த இடத்துக்கு இதை வாங்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் தரையில் சமதளமாக வைத்து முடிவெடுக்கக் கூடாது. தரையும் மூலைச் சுவரும் தாழ்ந்த ஸ்வரங்களைப் பெருக்குகின்றன. ஸ்பீக்கரோ முழங்காலைப் பார்த்து ஒலிக்கிறது. நாற்காலி உயரத்துக்கு ஏற்றி, கிதாரின் எஃப் வடிவத் துளைகளுக்கு நேராக வராதபடி சற்றே ஒதுக்கி வைத்தபின், எல்லாக் குமிழ்களையும் நடுவில் நிறுத்தி, ஆறாம் தந்தியின் முதல் ஐந்து பிரெட்டுகளை ஒவ்வொன்றாக மீட்டிக் கேட்க வேண்டும். அவற்றில் ஏதேனும் ஒரு ஸ்வரம் மட்டும் மற்றவற்றைவிடப் பொங்கி எழுந்தால், அதை ஈக்வலைசரால் அடக்க முடிகிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். பெரிய அரங்கில் ஒலிப்பொறியாளருக்கு சிக்னல் கொடுக்கும் எக்ஸ்எல்ஆர் வெளியீடு ஈக்வலைசருக்கு முன்னால் எடுக்கப்படுகிறதா, பின்னால் எடுக்கப்படுகிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்னால் எடுக்கப்பட்டால் மேடையில் நீங்கள் செய்யும் திருத்தம் எதுவும் அரங்கில் இருப்பவர்களின் காதுக்குப் போய்ச் சேராது.