தூங்குமூஞ்சி எலியின் வாலைக் காணோம்

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதில் ஒன்று, பார்சல் சொன்ன நாளில் வந்து சேர்ந்ததற்கு.

வாங்கியது 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்', ஆங்கிலப் புத்தகம். பேத்திக்கு எட்டு வயது முடிந்தது, அதற்காக. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்ட புத்தகம் என்பதால் யார் வேண்டுமானாலும் போடலாம், போடுகிறார்கள். இணையத்தில் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. நான் எடுத்தது 349 ரூபாய்ப் பதிப்பு. ஜான் டெனியல் வரைந்த 42 படங்களும் உண்டு, கெட்டி அட்டை உண்டு, கடைசியில் 'கதையில் வரும் விலங்குகள்' என்று பழைய இயற்கை வரலாற்று நூல்களிலிருந்து எடுத்த எட்டு வண்ணப் பக்கங்களும் உண்டு என்று விளம்பரம். அந்த எட்டுப் பக்கத்தில்தான் விழுந்தேன். பதிப்பகத்தின் பெயரை எழுதவில்லை. இதே ரகத்தில் போடுகிறவர்கள் நிறைய இருக்கும்போது ஒருவரை மட்டும் இழுப்பானேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. சிவகாசியில் 34 வருஷம் அச்சகத்தில் இருந்தவன். முதல் ஒன்பது வருஷம் காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் அச்சு மிஷின், அப்புறம் ஆஃப்செட். புத்தகம் கைக்கு வந்தால் முதலில் முகர்ந்து பார்ப்பேன், அடுத்து படத்தைப் பார்ப்பேன். கதைக்கு வர நேரமாகும். வீட்டில் இதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

அட்டை பரவாயில்லை. தாள் எழுபது ஜிஎஸ்எம் மேப்லித்தோ, அதாவது மெல்லிய ரகம் போலத் தெரிகிறது, பின்பக்க எழுத்து முன்பக்கம் எட்டிப் பார்க்கிறது. பசை வைத்த பைண்டிங்; இரண்டு தடவை விரித்ததில் முதுகு வெடித்துவிட்டது. இதெல்லாம் 349 ரூபாய்க்கு எதிர்பார்த்ததுதான். மன்னிக்க முடியாதது ஏழாவது அத்தியாயம்.

கதை தெரியாதவர்களுக்கு: மரத்தடியில் பெரிய மேசை. தொப்பிக்காரரும் மார்ச் முயலும் டீ குடிக்கிறார்கள். நடுவில் ஒரு டார்மவுஸ், எலி மாதிரி ஒரு சின்னப் பிராணி, உட்கார்ந்தபடியே தூங்குகிறது. மற்ற இருவரும் அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அதன் தலைக்கு மேலாகப் பேசிக்கொள்கிறார்கள். டார்மவுஸுக்குத் தமிழில் புழங்குகிற பெயர் இல்லை. நான் பேத்திக்குத் 'தூங்குமூஞ்சி எலி' என்று சொல்லி வைத்தேன். எங்கள் தெருமுனையில் தூங்குமூஞ்சி மரம் நிற்பதால் அவளுக்கு உடனே பிடித்துப்போனது.

படத்தைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "தாத்தா, நடுவுல என்ன, தலகாணியா?"

கதைப்படி அவள் சொன்னது சரிதான், அதைத் தலையணையாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவள் கதையைப் படித்துக் கேட்கவில்லை. படத்தில் இருந்தது ஒரு கறுப்பு மூட்டை.

லென்ஸை எடுத்துவந்து பார்த்தேன். நினைத்தது சரி. டெனியல் படங்கள் மரக்கட்டையில் செதுக்கியவை. அவர் வரைந்ததை டால்சியல் சகோதரர்களின் பட்டறையில் பாக்ஸ்வுட் என்ற கெட்டி மரக் கட்டையில் வெட்டினார்கள். அந்த முறையில் சாம்பல் நிறம் என்பதே கிடையாது. மை பிடிக்கும் கோடு, மை பிடிக்காத இடைவெளி, அவ்வளவுதான். கோடு நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். ஒரு சின்னப் பிராணியின் ரோமத்தை உடம்பின் வளைவோடு கொண்டுபோகத் தலைமுடி கனத்தில் எத்தனையோ கோடுகள் வெட்டியிருப்பார்கள். அந்தப் படத்தை எங்கிருந்தோ இறக்கி, சாம்பல் படமாக ஸ்கேன் செய்து, சாம்பல் நிறத்தைக் காட்ட அதன்மேல் ஸ்க்ரீன் எனும் பொடிப் புள்ளிகளைப் போட்டு, மட்டமான தாளில் மையைக் கொட்டினால் என்ன ஆகும்? இடைவெளியெல்லாம் அடைபட்டுப் போகும். தொப்பிக்காரருக்குப் பெரிய தொப்பி, பிழைத்துக்கொண்டார். தொப்பியில் செருகிய சீட்டில் '10/6' என்று விலைகூட மங்கலாகத் தெரிகிறது. முயலுக்கு நீளக் காது. டார்மவுஸுக்கு இருப்பது ரோமம் மட்டும்தான். ரோமம் போனால் ஆள் காலி. அதனால்தான் அச்சு எப்படி என்று பார்க்க நான் டார்மவுஸ் இருக்கும் பக்கத்தைத்தான் முதலில் திறப்பேன்.

இதில் வேடிக்கை, இந்தப் புத்தகத்தின் முதல் பதிப்புக்கே இதே கதிதான். 1865-ல் ஆக்ஸ்ஃபோர்டில் 2,000 பிரதி அச்சானது. படங்கள் அச்சான விதம் டெனியலுக்குத் துளியும் பிடிக்கவில்லை. கதையை எழுதிய லூயிஸ் கேரல் மொத்தத்தையும் நிறுத்திவிட்டு, வேறு அச்சகத்தில் திரும்ப அடிக்கச் சொன்னார். செலவு அவர் கைக்காசு. அவர் பிழைப்புக்குக் கணக்கு வாத்தியார், பெரிய பணக்காரர் இல்லை. அப்புறம் 1889-ல் குட்டிக் குழந்தைகளுக்கான வண்ணப் பதிப்பு அச்சாகி வந்தபோது, நிறம் கண்ணை உறுத்துகிறது என்று 10,000 பிரதியையும் வேண்டாம் என்றார். அப்படி ஒரு வாடிக்கையாளரிடம் நான் வேலை பார்த்திருந்தால் ஒரே மாதத்தில் ஓடியிருப்பேன். ஆனாலும் அவர் பக்கம்தான் நியாயம்.

மூலக் கட்டைகளை நேராக மிஷினில் ஏற்றித் தேய்க்காமல், அவற்றிலிருந்து உலோகப் பிரதி எடுத்துத்தான் அச்சடித்தார்கள். அதனால் கட்டைகள் தேயாமல் இருந்தன. 1985-ல் லண்டனில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. நூற்றியிருபது வருஷம் கழித்தும் கோடு கூர்மையாக நிற்கிற கட்டைகள். நம் பதிப்பகத்தார் அதை மூட்டையாக்கிவிட்டார்.

சரி, எட்டு வண்ணப் பக்கத்துக்கு வருகிறேன். 'ஆலிஸ் கதையில் வரும் டார்மவுஸ்' என்று தலைப்புப் போட்டு, அழகான ஒரு கைவண்ணப் படம். சாம்பல் பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கண்ணைச் சுற்றித் திருடன் முகமூடி மாதிரி கறுப்புப் பட்டை, வால் நுனியில் கறுப்பும் வெள்ளையுமாகக் குஞ்சம். படம் அழகுதான், பிராணிதான் தப்பு. அது கார்டன் டார்மவுஸ். பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் பக்கம் உள்ளது. இங்கிலாந்துக் காட்டு விலங்கு அல்ல. இங்கிலாந்தின் சொந்த டார்மவுஸ் ஒன்றே ஒன்று, ஹேசல் டார்மவுஸ். பொன் பழுப்பு நிறம், பெரிய கறுப்புக் கண், வால் முழுக்க அடர்ந்த ரோமம். எடை 15 முதல் 20 கிராம், நம் பத்து ரூபாய் நாணயம் இரண்டை உள்ளங்கையில் வைத்தால் கிட்டத்தட்ட அதுதான். சாம்பல் நிறத்தில் அணில் சாயலாக இன்னொன்றும் இப்போது அங்கே உண்டு. ரோமானியர்கள் ஜாடியில் வளர்த்துக் கொழுக்கவைத்துச் சாப்பிட்ட இனம் அது. வால்டர் ராத்ஸ்சைல்ட் 1902-ல் ட்ரிங் என்ற ஊரில் கொண்டுவந்து விட்டதிலிருந்து பரவியது. ஆலிஸ் வந்து 37 வருஷம் கழித்து.

படத்தை வரைந்தவர் யார், எந்த நூல், எந்த வருஷம், ஒன்றும் போடவில்லை. தாமஸ் பியூவிக் 1790-ல் நியூகாசிலில் வெளியிட்ட நாலுகால் பிராணிகள் நூலில் இங்கிலாந்து டார்மவுஸ் இருக்கிறது. பாக்ஸ்வுட்டின் குறுக்குவெட்டில் உளி வைக்கும் வித்தையில் பேர் வாங்கியவர் அவர். டால்சியல்களும் அந்த நார்தம்பர்லாந்துச் சீமைக்காரர்கள்தான். அந்தப் படத்தையும் டெனியல் படத்தையும் எதிரெதிர்ப் பக்கத்தில் போட்டிருந்தால், ஒரே பிராணி அறிவியல் நூலிலிருந்து குழந்தைக் கதைக்கு வந்த வழி தெரிந்திருக்கும். கறுப்பு வெள்ளை என்பதால் விட்டுவிட்டார்கள் போல. வண்ணம் இருந்தால்தானே விற்கும்.

முன்னுரையும் சோபிக்கவில்லை. ஓவியர் ரோஸெட்டி வளர்த்த வாம்பட் என்ற ஆஸ்திரேலியப் பிராணி மேசைமேல் தூங்குவதைப் பார்த்துத்தான் கேரலுக்கு டார்மவுஸ் தோன்றியது என்று எழுதியிருக்கிறார்கள். பழைய கதை. ரோஸெட்டி வீட்டுக்கு வாம்பட் வந்தது 1869-ல். புத்தகம் 1865. கழித்தல் கணக்குப் போட்டிருந்தாலே போதும்.

அதற்குப் பதில் உண்மையான பிராணியைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கலாம். ஹேசல் டார்மவுஸ் அக்டோபர் வாக்கில் சுருண்டு படுத்தால் ஏப்ரல், மே வரை எழாது. எழுந்த பிறகும் குளிர்நாளில் உடம்பைக் குளிரவிட்டு மறுபடி தூங்கும். அதுவும் ராப்பிராணி. கதையில் அந்த டீ விருந்து நடப்பது மே மாதம், பொழுது இருட்டுவதற்கு முன். தூங்காமல் என்ன செய்யும்? அந்தக் காலத்து இங்கிலாந்துப் பிள்ளைகள் இதைப் பழைய டீ கூஜாவில் வைக்கோல் போட்டு வளர்த்ததாகச் சொல்வார்கள். கடைசியில் அதைக் கூஜாவுக்குள் திணிக்கிறார்களே, அந்தப் பிள்ளைகளுக்கு அது நம்மைப்போல விநோதமாகத் தோன்றியிருக்காது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் டார்மவுஸ் என்று பெயர் வாங்கிய ஒன்று உண்டு. எட்வர்ட் பிளைத் 1859-ல் விவரித்தது. முதுகில் முள்ளும் வாலில் தூரிகையும் இருக்கும். வாலைப் பார்த்து வைத்த பெயர்தான், குடும்பம் வேறு.

வாங்கத்தான் வேண்டும் என்றால் என் யோசனை: பழைய புத்தகக் கடையில் மேக்மில்லன் பதிப்பு கிடைத்தால் எடுங்கள். எனக்கு 180 ரூபாய்க்குக் கிடைத்தது. முதல் பக்கத்தில் காபிக் கறை இருந்தாலும் டார்மவுஸுக்கு ரோமம் இருக்கிறது, மூடிய கண் தெரிகிறது. மலிவுப் பதிப்புத்தான் என்றால், ஏ. ஏ. மில்ன் குழந்தைகளுக்காக எழுதிய 1924 கவிதைப் புத்தகத்தில் டார்மவுஸும் டாக்டரும் வருகிற பாட்டு இருக்கிறது. டெல்ஃபினியம், ஜெரேனியம் பூக்களுக்கு நடுவே நிம்மதியாகப் படுத்திருப்பவரிடம், அதையெல்லாம் பிடுங்கிவிட்டுச் சாமந்தி வை என்கிறார் டாக்டர். அதற்கு ஷெப்பர்ட் வரைந்த படங்கள் பேனாக் கோடு. காற்றோட்டமான இடைவெளி. எவ்வளவு மோசமாக அச்சடித்தாலும் தப்பிக்கும்.

திருப்பி அனுப்பக் கேட்டேன். முதுகு வெடித்த படத்தை அனுப்பியதும், 'வாடிக்கையாளர் உபயோகித்த பொருள்' என்று மறுத்துவிட்டார்கள். படம் சரியில்லை என்றதற்கு, 'படம் மிகப் பழையது ஐயா, அப்படித்தான் இருக்கும்' என்று பதில். 34 வருஷத் தொழிலுக்குப் பிறகு இதையும் கேட்டாயிற்று.

புத்தகம் இப்போது பேத்தியின் வண்ணம் தீட்டும் புத்தகமாகிவிட்டது. நேற்று ஏழாம் அத்தியாயத்தைத் திறந்து காட்டினாள். மூட்டைக்குப் பக்கவாட்டில், மேசை விரிப்பின்மேல் பழுப்புக் கிரேயானில் ஒரு வால் வரைந்திருக்கிறாள். டெனியல் படத்தில் அந்த இடத்தில் வாலே கிடையாது. ஆனால் நுனிவரை ரோமம் வைத்திருக்கிறாள்.